நின்று நின்று நோகும் கால்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா 22 வருடம் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நின்றவர். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவார். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அவ்வளவுதான். நான் பிசியோதெரபி படித்து இந்த வேலைக்கு வந்ததற்கு அம்மாவின் கால்களும் ஒரு காரணம். என்னிடம் வருகிறவர்களில் கடை ஊழியர்கள், ஆசிரியைகள், பரோட்டா மாஸ்டர்கள், முடி திருத்துகிறவர்கள், நர்ஸுகள் என்று நின்றே பிழைப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். பேச்சில் நாம் ‘நரம்பு’ என்று சொன்னாலும், புடைத்துத் தெரிவது நரம்பே இல்லை, ரத்தக் குழாய். காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயைச் சிரை என்பார்கள். அது தளர்ந்து வளைந்து நெளிந்து தெரிவதுதான் வெரிகோஸ் வெயின். இந்த ஒரு வார்த்தைக் குழப்பத்தால் நரம்புச் சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரைக்கும் இந்தப் புடைப்புக்கும் சம்பந்தமே கிடையாது.

நிற்பதால் அப்படி என்னதான் ஆகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற பதில்கள் பாதி உங்களுக்கே தெரிந்துவிடும். இதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளிவிடுகிறது, சரி. அது மேலே திரும்பி வர வேண்டுமே? அந்த வேலையைச் செய்வது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அந்தச் சதை இறுகி உள்ளே இருக்கும் சிரையைப் பிழிகிறது, ரத்தம் மேலே ஏறுகிறது. ஏறிய ரத்தம் மறுபடி கீழே இறங்காமலிருக்க, சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. மேல்பக்கம் மட்டும் திறக்கும் கதவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அசையாமல் நின்றால் அந்தப் பம்பு நின்றுவிடும். இதய உயரத்திலிருந்து பாதம் வரை நிற்கும் ரத்தத்தின் எடை முழுவதும் கணுக்காலில் இறங்கும். அப்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கிப் பத்துப் பதினைந்து அடி வைப்பதற்குள் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். காலைக் கெடுப்பது உழைப்பு அல்ல, ஒரே இடத்தில் ஆடாமல் அசையாமல் நிற்பதுதான். வயலில் நாள் முழுக்க நடந்து வேலை செய்கிறவரின் காலும், பில் கவுண்டரில் எட்டு மணி நேரம் நிற்கிறவரின் காலும் மாலையில் ஒரே மாதிரி வலிப்பதில்லை.

நிற்பது மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். அம்மா அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். வயது, உடல் எடை, கர்ப்பம், முன்பு காலில் ரத்தம் உறைந்திருப்பது எல்லாம் சேர்ந்துகொள்ளும். பரம்பரையை மாற்ற முடியாது. நிற்கும் விதத்தை மாற்றலாம்.

எங்கள் கடையில் உட்கார விட மாட்டார்கள். நின்ற இடத்திலேயே என்ன செய்யலாம், அக்கா?

முதலில் குதிகாலை உயர்த்துவது. கவுண்டரில் லேசாகக் கை வைத்துக்கொண்டு, இரண்டு குதிகாலையும் தூக்கி முன்பாதத்தில் நில்லுங்கள். இரண்டு எண்ணும் வரை இருந்து மெதுவாக இறக்குங்கள். 15 முறை, அரை மணிக்கு ஒரு தடவை. கஸ்டமர் எதிரில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. அம்மா காலத்திலேயே இதை நான் தெரிந்துவைத்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அப்புறம், எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். கவுண்டருக்குக் கீழே ஒரு சின்னப் பலகை அல்லது செங்கல் உயரத்துக்கு ஏதாவது கிடந்தால், ஒரு காலை அதன் மேல் வைத்துச் சிறிது நேரம் நின்று, பிறகு கால் மாற்றுங்கள். இது இடுப்புக்கும் நல்லது. சரக்கு எடுக்க, தண்ணீர் குடிக்க, மடித்த துணியை அடுக்க என்று நடக்கக் கிடைக்கும் வாய்ப்பை விடாதீர்கள். ‘நீ இரு, நான் எடுத்து வருகிறேன்’ என்று முந்திக்கொண்டு போங்கள். அந்த முப்பது அடி உங்கள் காலுக்கு மருந்து.

முழங்காலைப் பின்பக்கம் பூட்டினாற்போல் விறைத்து நிற்காதீர்கள், சற்றுத் தளர்வாக வைத்திருங்கள். உயரமான ஹீல் செருப்பு வேண்டாம். அதில் கணுக்கால் முழுதாக மடங்காது, கெண்டைச் சதை பாதி வேலைதான் செய்யும். கடைக்குள் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும் என்றால், கிரானைட் தரைமேல் ஒரு ரப்பர் விரிப்பாவது போடச் சொல்லிக் கேளுங்கள்.

உட்கார நாற்காலி கேட்பது சட்டப்படி சரியா?

சரிதான், தயங்காமல் கேளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் போடப்பட்டது. 2021இல் அதைத் திருத்தி 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்காரும்படி ஒவ்வொரு நிறுவனமும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. நமக்கு முன்பே, 2018இல் கேரளம் இதைச் செய்துவிட்டது. அங்கே கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்களும், அவர்களைத் திரட்டிய தையற்காரர் விஜியின் ‘பெண்கூட்டு’ அமைப்பும் வருடக்கணக்கில் போராடிப் பெற்றது அது.

முன்பெல்லாம் பெரிய ஜவுளிக்கடைகளில் தரையில் மெத்தை விரித்து, கடைக்காரரும் வாங்க வந்தவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் பட்டுச்சேலை பார்த்தார்கள். அதில் யாரும் மரியாதைக் குறைவு காணவில்லை. ஊழியர் உட்கார்ந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்ற எண்ணம் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது.

நாற்காலி கிடைத்தாலும் ஒரேயடியாக உட்கார்ந்துவிட வேண்டாம். சிறிது நேரம் நிற்பது, சிறிது நேரம் உட்காருவது, இடையில் நடப்பது என்று மாறி மாறி இருப்பதே காலுக்கு வேண்டியது.

நான் உட்கார்ந்தே வேலை செய்கிறேன். எனக்குமா வரும்?

வரலாம். உட்கார்ந்திருக்கும்போதும் கெண்டைக்கால் சும்மாதான் இருக்கிறது. தையல்காரர்களிடம் ஒன்றைக் கவனித்தேன். காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷினில் கணுக்கால் நாள் முழுவதும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. மோட்டார் வந்தபிறகு கால் ஒரு பெடலை அழுத்தியபடி அப்படியே கிடக்கிறது. வேலை சுலபமானதில் எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் இழந்த அந்த மிதியை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை உயர்த்துங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்துங்கள். இப்படி மாறி மாறி இருபது முறை. முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். போன் பேசுவதை நடந்துகொண்டே பேசும் பழக்கமாக்கிக்கொண்டாலே நிறைய நடை சேர்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் காலை உயர்த்தி வைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம்?

முக்காலிமேல் கால் நீட்டி டிவி பார்ப்பது போதாது. பாதம் இதயத்தைவிட உயரத்தில் இருந்தால்தான் ரத்தம் தானாக வடியும். பாயில் மல்லாந்து படுத்து, கெண்டைக்காலுக்குக் கீழே இரண்டு தலையணை வையுங்கள். முழங்கால் லேசாக மடங்கி இருக்கட்டும். 15 நிமிடம், முடிந்தால் ஒரு நாளைக்கு மூன்று முறை. கடைக்குப் போகிறவர்களுக்கு மூன்று முறை நடக்காது என்று தெரியும். வந்ததும் ஒருமுறை, தூங்கப் போகுமுன் ஒருமுறை செய்தாலும் மாலை வீக்கம் குறைவதைப் பார்ப்பீர்கள். அந்த 15 நிமிடம் வீட்டில் இருப்பவர்கள் சமையலைப் பார்த்துக்கொள்ளட்டும். பகல் முழுக்க நின்றுவிட்டு வந்த பெண் நேராக அடுப்படியில் போய் நிற்பதுதான் நம் வீடுகளில் நடக்கிறது, அது மாற வேண்டும்.

இரவு முழுவதும் பலன் வேண்டுமென்றால் கட்டிலின் கால்பக்கத்துக் கால்களுக்கு அடியில் ஒரு செங்கல் உயரம் முட்டுக் கொடுக்கலாம். இதய பலவீனம் உள்ளவர்கள், படுத்தால் மூச்சு வாங்குகிறவர்கள் இதைச் செய்யவே கூடாது.

அழுத்தமான சாக்ஸ் போடச் சொன்னார்கள். இந்த வெயிலில் எப்படிப் போடுவது?

எல்லோரும் முகம் சுளிக்கும் விஷயம் இது. ஆனால் வீக்கமும் பாரமும் குறைய, நடை தவிர வேறெதுவும் இதற்கு இணையில்லை என்பது என் அனுபவம். கணுக்காலில் அதிக இறுக்கமும் மேலே போகப்போகக் குறைந்த இறுக்கமுமாக அவற்றை நெய்திருப்பார்கள். பெரும்பாலோருக்கு முழங்காலுக்குக் கீழே நிற்கும் அளவே போதும். தொடை வரை வாங்கிப் புழுக்கம் தாங்காமல் பெட்டியில் போட்டு வைப்பதற்கு, முழங்கால் அளவை வாங்கித் தினமும் போடுவது மேல். விரல் திறந்த வகை நம் ஊருக்கு வசதி.

கண்ணளவில் வாங்காதீர்கள். கணுக்காலின் மெல்லிய இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், தரையிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை உயரம் என்று மூன்று அளவும் காலை நேரத்தில், வீக்கம் இல்லாதபோது எடுக்க வேண்டும். எந்த அழுத்தம் என்பதை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லட்டும்.

போடுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. காலையில் எழுந்து நடமாடுவதற்கு முன்பே போடுங்கள், கால் வீங்கியபின் இழுத்தால் ஏறாது. கொலுசு, மெட்டியைக் கழற்றிவிடுங்கள். காலில் ஈரமோ எண்ணெயோ இருக்கக்கூடாது. சாக்ஸின் உட்புறத்தைக் குதிகால்வரை வெளியே திருப்பிக்கொண்டு, முதலில் பாதத்தை நுழைத்து, பிறகு சிறிது சிறிதாக மேலே ஏற்றுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி வழுக்காது. மேல்விளிம்பு நீளமாக இருக்கிறது என்று மடித்து விடாதீர்கள். அந்த மடிப்பு கயிறுபோல் இறுக்கி, நன்மையைக் கெடுத்துவிடும். இரவில் கழற்றி, குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். இரண்டு ஜோடி இருந்தால் நல்லது. ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும், அப்போது மாற்ற வேண்டும்.

நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள், பாதம் சில்லென்று இருப்பவர்கள், சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலித்து நின்றால் சரியாகிறவர்கள் பாதத்துக்கு வரும் ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் இதைப் போடவே கூடாது. தமனி, அதாவது இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய், அடைத்த காலை மேலும் இறுக்கினால் விரலே போகும்.

தைலம் தேய்த்து நீவி விடலாமா? வெந்நீர் ஒத்தடம்?

பாதத்திலிருந்து முழங்கால் நோக்கி, கை கனமில்லாமல் தேங்காயெண்ணெய் தடவி நீவினால் இதமாக இருக்கும், தடையில்லை. புடைத்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ‘முடிச்சு அவிழ்ப்பது’ கூடாது. அங்கே முடிச்சு எதுவும் இல்லை. வெந்நீர் ஒத்தடம் சிரைகளை மேலும் விரித்துவிடும், பாரம் கூடும். மாலையில் குளித்து முடித்ததும் இரண்டு குவளை குளிர்ந்த தண்ணீரை முழங்காலுக்குக் கீழே ஊற்றிக்கொள்ளுங்கள், சுகம் உடனே தெரியும். திடீரென ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றால் எண்ணெய், நீவுதல் எதுவும் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கணுக்காலுக்கு மேலே அரிக்கிறது, தோல் கறுத்து வருகிறது. படை மருந்து போடவா?

என் அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. இடது உள்கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, வறண்டு, ஓயாமல் அரித்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினார். ஒருநாள் தூக்கத்தில் சொறிந்ததில் நகம் பட்டுச் சின்னதாக ஒரு கீறல். சுண்டைக்காய் அளவு புண், ஒரு மாதத்தில் உள்ளங்கையளவு ஆனது. ஆற எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் சம்பளம் இல்லை.

அந்தக் கறுப்பு அழுக்குமல்ல, படையுமல்ல. தேங்கிய அழுத்தத்தால் ரத்த அணுக்கள் சிரையிலிருந்து வெளியே கசிந்து, அவற்றின் இரும்புச் சத்து தோலில் படிந்த கறை அது. அந்த இடத்துத் தோல் பலவீனமாகிவிட்டது, சின்ன அடியைக்கூடத் தாங்காது என்பதற்கு அடையாளம். தினமும் இரவில் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ தேங்காயெண்ணெயோ தடவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கடுமையான சோப்பு, மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசுவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கொசுக்கடியிலிருந்தும் அந்த இடத்தைக் காப்பாற்றுங்கள். அரிப்பு வந்தால் சொறியாமல் ஈரத்துணியை வையுங்கள். இவ்வளவும் செய்துகொண்டே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கறுப்பு வந்தபின் வீட்டு வைத்தியத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

நடு இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. என்ன செய்வது?

காலை நீட்டிக்கொண்டு, பாதவிரல்களைக் கையால் உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். ஓரிரு நிமிடத்தில் விடும். தூங்கப் போகுமுன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகால் தரையை விட்டு எழாமல் அரை நிமிடம் சாயுங்கள், இரண்டு காலுக்கும் மும்மூன்று முறை. கழிவறைக்குப் போக நேரம் கிடைக்காது என்று பகலில் தண்ணீரே குடிக்காமலிருக்கும் கடைப் பெண்கள் நிறைய. அதையும் கவனியுங்கள்.

சாப்பாட்டில் எதையாவது விலக்க வேண்டுமா?

சிரைக்கென்று தனிப் பத்தியம் இல்லை. வீக்கம் இருந்தால் உப்பைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கும்போது வயிற்றின் அழுத்தம் காலுக்கு இறங்கும். எடை கூடுதலென்றால் ஐந்து கிலோ குறைந்தாலும் கால் நன்றி சொல்லும்.

கர்ப்பத்தில் புடைத்துவிட்டது. அப்படியே நின்றுவிடுமா?

பெரும்பாலும் நிற்காது. வயிற்றுக் குழந்தையின் எடையும் ஹார்மோன் மாற்றமும் சேர்ந்து வருவது அது. பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் பலருக்கு நன்றாகக் குறைந்துவிடும். அதுவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், மருத்துவரைக் கேட்டு அழுத்த சாக்ஸ் போடுங்கள். பிரசவத்துக்குப் பின் ஒரே இடத்தில் படுக்க வைத்துவிடாமல் சீக்கிரமே நடமாட விட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். காலில் ரத்தம் உறையும் ஆபத்து பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில்தான் அதிகம்.

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு பஸ்ஸில் போனால் கால் பூசணிக்காய் ஆகிவிடுகிறது.

நான்கு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் யாருக்கும் வீங்கும். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நடங்கள். இருக்கையில் கணுக்காலைச் சுழற்றுங்கள். காலடியில் பையை வைத்து இடத்தை அடைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் படுக்கை வசதியுள்ள ரயிலில் போங்கள்.

சம்மணமிட்டு உட்கார்ந்தால், கால் மேல் கால் போட்டால் வருமா?

அதனால் வராது. நெடுநேரம் அப்படியே இருப்பதுதான் சிக்கல்.

இரண்டு காலும் வீங்குகிறது, ஆனால் புடைப்பு எதுவும் தெரியவில்லை. அதுவும் இதுதானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, ரத்தசோகை எதுவும் காரணமாகலாம். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையால் கணுக்கால் வீங்குவது மிகச் சாதாரணம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், கொடுத்தவரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். வீக்கம் பாதத்தின் மேற்புறம், விரல்வரை தடித்துத் தோல் கெட்டியானால் யானைக்காலா என்றும் பார்க்க வேண்டும். கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காரணம் தெரியாமல் சாக்ஸ் வாங்கிப் போடாதீர்கள்.

புடைத்த இடத்தில் அடிபட்டு ரத்தம் கொட்டினால்?

சிறு கீறல்கூடக் குழாய் திறந்தாற்போல் பீறிடும், பார்த்தால் பதறிவிடுவோம். செய்ய வேண்டியது எளிது. உடனே தரையில் படுங்கள், காலை நாற்காலிமேலோ சுவரிலோ உயர்த்துங்கள், சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தின்மேல் வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ துணி தேடினால் ரத்தம் நிற்காது. குளியலறையில் தனியாக இருந்தவர்கள் இப்படி உயிரிழந்தது உண்டு. முழங்காலுக்கு மேலே கயிறு கட்டவும் கூடாது. ரத்தம் நின்றபின்னும் மருத்துவமனைக்குப் போங்கள், ஒருமுறை திறந்த இடம் மறுபடி திறக்கும். உங்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் இந்த ஒன்றையாவது சொல்லிக்கொடுங்கள்.

எதைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது?

ஒரு கால் மட்டும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வீங்கி, கெண்டைக்கால் கனத்து, சூடாகி, வலித்தால் உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனை. நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் என்பதால்தான் தைலம் வேண்டாம் என்றேன். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருமலில் ரத்தமோ சேர்ந்தால் 108ஐ அழையுங்கள். அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், பிரசவமானவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் செய்தால் புடைப்பு மறைந்துவிடுமா? ஆபரேஷன் தேவையா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை வால்வு கெட்டுத் தளர்ந்த சிரை உடற்பயிற்சியாலோ சாக்ஸாலோ பழையபடி ஆகாது. இந்தப் பழக்கங்கள் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், தோல் புண்ணாகும் வரை போகாமல் காக்கும். டயோஸ்மின் மாத்திரை தருவார்களே, அதுவும் பாரத்தையும் வீக்கத்தையும் குறைக்க உதவுமே தவிரப் புடைப்பைக் கரைக்காது.

வலி வேலையைத் தடுத்தால், தோல் கறுத்தால், புண் வந்தால், ரத்தம் கசிந்தால் சிகிச்சைக்குத் தயங்க வேண்டாம். முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுத்து எந்த வால்வு கசிகிறது என்று பார்ப்பார்கள். வலியில்லாத சோதனை, வயிற்று ஸ்கேன் போலத்தான். இன்று லேசர், ரேடியோ அலை மூலம் சிரையை உள்ளிருந்தே மூடுகிறார்கள், சின்ன சிரைகளுக்கு ஊசி மருந்தும் உண்டு. பலர் அன்றே நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். கெட்ட சிரையை மூடிவிட்டால் ரத்தம் எப்படிப் போகும் என்று பயப்படாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய சிரைகள்தான் பெரும்பங்கு ரத்தத்தைச் சுமக்கின்றன.

பார்க்க வேண்டியவர் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி இல்லையென்றால் அரசு மருத்துவமனையின் பொது அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். மருத்துவச் சீட்டில் ‘நீண்ட நேரம் நிற்கக்கூடாது, இடையிடையே உட்கார வேண்டும்’ என்று எழுதித் தரும்படியும் கேளுங்கள். அம்மா அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் அவருடைய பிரிவுக்கு முதல் ஸ்டூல் வந்தது.